எம்பிஏ சேரும் முன் வகுப்பறைக்குள் எட்டிப் பாருங்கள்

வேலையில் இருந்துகொண்டே எம்பிஏ படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடுதான் வருவார்கள். கட்டணம் எவ்வளவு? எத்தனை வருஷம்? எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரம் இருக்கிறதா? கோலாலம்பூரில் வார இறுதி வகுப்புகளில் நிர்வாகப் பாடம் நடத்துகிறவன் என்பதால் இந்தக் கேள்விகள் எனக்கு நன்றாகப் பழக்கம். மூன்றும் கேட்க வேண்டியவையே. ஆனால் நான்காவது ஒன்றை யாரும் கேட்பதில்லை: வகுப்புக்குள் என்ன நடக்கிறது? ஆசிரியர் பேச நாம் எழுதிக்கொள்கிறோமா, ஒரு நிறுவனத்தின் சிக்கலை நடுவில் வைத்து வாதாடுகிறோமா, இல்லை ஏதாவது ஒரு கம்பெனிக்குள் போய் வேலை செய்து கற்கிறோமா?

எந்தப் பல்கலைக்கழகத்தின் கையேட்டை எடுத்தாலும் பாடப் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான். மார்க்கெட்டிங், நிதி, செயல்பாட்டு நிர்வாகம், மனிதவளம், வியூகம். வித்தியாசம் நடத்தும் விதத்தில்தான் இருக்கிறது. ஒன்றரை, இரண்டு வருஷம் சனி ஞாயிறுகளைக் கொடுத்து நாம் வாங்குவது அதைத்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டுப் பத்து வருஷ அனுபவம் இருக்கிறது, கீழே ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் மேலதிகாரிகள் கூட்டத்தில் வாய் திறக்கத் தயக்கமாக இருக்கிறது என்றால் கேஸ் முறையில், அதாவது ஒரு நிறுவனத்தின் நிஜச் சிக்கலை எழுத்தில் கொடுத்து வாதாட வைக்கும் முறையில், நடக்கும் வகுப்புக்குப் போங்கள். சொந்தத் தொழில் நடத்துகிறவர்களுக்கு, கம்பெனிக்குள் போய் வேலை செய்து கற்கும் களப்பணி முறை அதிகம் கொடுக்கும். வரவு செலவுக் கணக்கையும் இருப்புநிலைக் குறிப்பையும் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்பவர்கள் விரிவுரையில் தொடங்குவது நல்லது. ஏன் என்று சொல்ல, இந்த முறைகள் எங்கிருந்து வந்தன என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கேஸ் முறை வந்த வழி

இது பிறந்தது சட்டப் படிப்பில். 1870 இல் ஹார்வர்ட் சட்டக் கல்லூரியின் டீன் ஆன கிறிஸ்டோஃபர் கொலம்பஸ் லாங்டெல், மாணவர்களுக்கு விதிகளை விளக்கிக்கொண்டிருப்பதை விட்டு, நீதிமன்றத் தீர்ப்புகளையே கையில் கொடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். 1908 இல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் தொடங்கியபோது அதன் முதல் டீன் எட்வின் கே அதே வழியில் போக ஆசைப்பட்டார். சட்டத்துக்குத் தீர்ப்புகள் கட்டுக் கட்டாக இருந்தன. வணிகத்துக்கு அப்படி எழுதி வைத்தது எதுவும் கிடையாது. அதனால் வியாபாரிகளையே வகுப்புக்குக் கூப்பிட்டு அவர்களுடைய பிரச்சினையைச் சொல்ல வைத்துப் பார்த்தார்கள்.

1919 இல் டீனாக வந்த வாலஸ் டோனம் சட்டம் படித்து வங்கியில் இருந்தவர். கேஸ் எழுதுவதற்கென்றே ஆளும் பணமும் ஒதுக்கியது அவர் காலத்தில்தான். 1920 இல் மெல்வின் கோப்லண்ட் மார்க்கெட்டிங் பிரச்சினைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். 1921 இல் முதல் எழுத்து கேஸ் வந்தது. ஜெனரல் ஷூ கம்பெனி என்ற காலணித் தொழிற்சாலையைப் பற்றியது, ஒரே பக்கம். வேலை நேரம் முடிவதற்கு முன்பே தொழிலாளர்கள் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறார்கள், என்ன செய்வது? நூறு வருஷம் தாண்டியும் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கும் யாருக்கும் இந்தக் கேஸை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாரும் இந்த முறைக்கு மாறிவிடவில்லை. 1959 இல் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி நிறுவனமும் ஆதரித்த இரண்டு ஆய்வறிக்கைகள் அமெரிக்க வணிகக் கல்வியைக் கடுமையாகக் குறை கூறின. பொருளாதாரம், புள்ளியியல், நடத்தை அறிவியல் ஆகியவற்றின் மேல் அது நிற்க வேண்டும் என்றன. சிகாகோ போன்ற பள்ளிகள் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான். இன்று நம் ஊர் விரிவுரை வகுப்புகளில் தெரியும் கோட்பாட்டுச் சாயல் அந்த வழி வந்தது. ஆக, நாம் இப்போது தேர்ந்தெடுக்க வேண்டியது பழைய ஒரு சண்டையின் இரண்டு பக்கங்களுக்கு நடுவில்தான்.

ஆசியாவுக்கும் இரண்டும் வந்தன. 1961 இல் அகமதாபாத் ஐஐஎம் ஹார்வர்டோடு கைகோத்தது, கொல்கத்தா ஐஐஎம் எம்ஐடியோடு. 1968 இல் மணிலாவில் ஆசிய நிர்வாகக் கழகம் ஹார்வர்டின் உதவியோடு உருவானது. 2015 இல் கோலாலம்பூரில் பேங்க் நெகாரா மலேசியாவும் எம்ஐடி ஸ்லோனும் சேர்ந்து ஆசியா ஸ்கூல் ஆஃப் பிசினஸைத் தொடங்கின. அகமதாபாத்தில் படித்த ஸ்ரீகாந்த் தாத்தர்தான் 2021 முதல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் டீன்.

நம்மவர்களுக்கு இது முழுக்கப் புதிய சரக்கு என்று நான் நினைக்கவில்லை. பினாங்குக் கிட்டங்கிகளிலும் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் செட்டியார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாக உயர்ந்தான். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்கு மறுக்க வேண்டும், மறுப்பதை எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றான். அங்கே பல வருஷங்களில் கண்ணில் பட்ட முடிவுகளை ஒரு செமஸ்டரில் அடுக்கித் தர முயல்வதுதான் கேஸ் வகுப்பு.

ஒரு கேஸ், ஒரு சனிக்கிழமை

கேஸ் வகுப்பு எப்படி இருக்கும் என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். உலகம் முழுக்க வணிகப் பள்ளிகளில் படிக்கப்படும் கேஸ்களில் ஒன்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பற்றியது. 1993 இல் ஹார்வர்டில் கஸ்தூரி ரங்கன் எழுதியது. 1976 இல், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. பணம் கட்டும் நோயாளிகளின் வருமானத்தில் ஏழைகளுக்கு இலவசமாகக் கண்புரை அறுவை சிகிச்சை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவரைச் செவிலியர் தயார் செய்துவிடுவார். டாக்டர் முடித்துவிட்டுத் திரும்பினால் அடுத்த கண் காத்திருக்கும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்று 1992 இல் அரோலேப் தொடங்கித் தாங்களே செய்தார்கள்.

இதைச் சொல்லி முடிப்பதோடு விரிவுரை முடிந்துவிடும். கேஸ் வகுப்பு இங்கேதான் தொடங்குகிறது. இவ்வளவையும் மாணவர்கள் வீட்டிலேயே படித்துவிட்டு வர வேண்டும். பின்னிணைப்பில் இருக்கும் அட்டவணைகளை வைத்துக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஆசிரியர் உள்ளே வந்து ஒரே கேள்வி கேட்பார்: நீங்கள் டாக்டர் வெங்கடசாமியாக இருந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?

இந்தக் கேஸை எடுத்தால் பேச்சு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். தொழிற்சாலையிலிருந்து வந்தவர் உடனே இரண்டு மேசையைப் பிடித்துக்கொள்வார். அவருக்கு அது உற்பத்தி வரிசை, மூன்றாவது மேசை போட முடியுமா என்று பார்ப்பார். வங்கியில் இருப்பவர் பணம் கட்டுவோருக்கும் கட்டாதோருக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்துப் பதறுவார். பணம் கட்டுகிறவர்கள் குறைந்தால் மொத்தமும் சாய்ந்துவிடாதா? தனியார் மருத்துவமனை நிர்வாகத்தில் இருக்கும் பெண் ஒருவர் பொறுமையாகக் கையைத் தூக்கி, இலவசம் என்று சொல்லியும் ஏன் நிறையப் பேர் வரவில்லை என்று கேட்பார். கேள்வி அங்கேதான் திரும்பும். அறுவை இலவசமாக இருந்தாலும் பஸ் காசு, சாப்பாடு, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி எல்லாம் ஏழைக்குச் செலவுதான். அரவிந்த் போக்குவரத்தையும் உணவையும் சேர்த்துக் கொடுத்த காரணம் அது. மேசைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில் அமைதியாகிவிடுவார்.

அப்புறம் நான் ஒன்று கேட்பேன்: சுங்கை பட்டாணியில் இப்படி ஒன்று தொடங்கலாமா? நம் நாட்டில் அரசு வெளிநோயாளிப் பிரிவில் குடிமகனுக்கு 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. இங்கே ஏழையைத் தடுப்பது விலையைவிட காத்திருக்கும் காலம்தான். அப்படியானால் அரவிந்திடமிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? ஒரு கேஸ் நம் ஊருக்குப் பொருந்தாமல் முட்டி நிற்கும் இந்த இடத்தில் மாணவர்கள் கற்பது, பொருந்தும் இடத்தில் கற்பதைவிட அதிகம். நான் இந்த முறையை விரும்பக் காரணமே இதுதான்.

அதன் குறைகள்

குறைகளும் உண்டு, சின்னவையும் அல்ல.

முதலாவது, கேஸ் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே பாடத்தைத் தீர்மானித்துவிடுகிறது. ஏர் ஏசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2001 இல் டோனி ஃபெர்னாண்டசும் கமாருடின் மெரானுனும் 40 மில்லியன் ரிங்கிட் கடனோடு அந்த நிறுவனத்தை 1 ரிங்கிட்டுக்கு வாங்கினார்கள். அமெரிக்காவில் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த சமயம், விமானத் தொழிலே நடுங்கிக்கொண்டிருந்தது. கேஸை அங்கே நிறுத்தினால் அது துணிச்சல் பற்றிய பாடம். பத்து வருஷம் கழித்து நிறுத்தினால் மலிவு விலை வியூகத்தின் பாடம். 2022 ஜனவரியில், பெருந்தொற்று அடித்த பிறகு அதன் தாய் நிறுவனம் (இன்றைய கேப்பிட்டல் ஏ) நிதிச் சிக்கலில் உள்ள நிறுவனங்களுக்கான பிஎன்17 பட்டியலில் சேர்ந்தபோது நிறுத்தினால் கடன் பற்றிய பாடம். நிறுவனம் ஒன்றுதான். எங்கே வெட்டுவது என்பது எழுதுகிறவர் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் எரிசக்தி நிறுவனமான என்ரான் 2001 டிசம்பரில் திவாலாகும் வரை, அதைப் புதுமைக்கு முன்மாதிரியாகக் காட்டிய கேஸ்களும் வகுப்பறைகளில் இருந்தன. நல்ல ஆசிரியர் இதையே மாணவர்களிடம் கேட்பார். சுமாரான ஆசிரியர் கேஸை வேதவாக்காக நடத்துவார்.

இரண்டாவது, நேரம். நம் நாட்டில் பாடநெறி வழி முதுகலைக்குக் குறைந்தது 40 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல் என்பது எம்கியூஏ கணக்கு. 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி. வாரம் 3 மணி வீதம் 14 வாரம் வகுப்பு என்றால் 42 மணி போகும், மிச்சம் 78. ஒரு பாடத்தில் 12 கேஸ் வைத்து, ஒவ்வொன்றையும் தனியாகப் படிக்க 3 மணி, குழுவோடு பேச 1 மணி என்றால் 48 மணி அதிலேயே தீர்ந்துவிடும். அதற்குமேல் பாடப்புத்தகம், அறிக்கை, தேர்வு. ஹார்வர்டில் முழுநேரமாகப் படிப்பவர்கள் இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய 500 கேஸ் படிக்கிறார்கள். அது அவர்களுக்கு முழுநேர வேலை. இரவு ஏழு மணிக்கு ஃபெடரல் நெடுஞ்சாலையில் சிக்கி வீடு சேர்கிறவர் அந்த அளவில் பத்தில் ஒரு பங்கு படித்தாலே பெரிய விஷயம். வாரம் நாலைந்து மணி நேரம் நிச்சயமாக ஒதுக்க முடியாதவர்கள் கேஸ் வகுப்பில் பணத்தைப் போடக் கூடாது. படிக்காமல் வந்து உட்கார்ந்தால் மூன்று மணி நேரமும் அடுத்தவர் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் போவீர்கள்.

மூன்றாவது, எனக்கு மிகவும் மனசில் கிடக்கும் விஷயம். நம் பிள்ளைகளில் பலர் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, எம்பிஏவில் ஆங்கிலத்தில் வந்து நிற்கிறார்கள். விஷயம் தெரியும். தொழிற்சாலையில் எந்த மெஷின் எப்போது நிற்கும், எந்த சப்ளையர் எப்போது ஏமாற்றுவார் என்பது விரல் நுனியில் இருக்கும். ஆனால் ஆசிரியர் திடீரென்று பெயர் சொல்லி எழுப்பியதும் வாய் கட்டிப்போகும். பக்கத்தில் சரளமாகப் பேசுகிறவர் சொன்னது பாதி வெறும் சத்தமாக இருந்தாலும் மதிப்பெண் அவருக்கே போகும். வகுப்புப் பங்கேற்புக்கு மதிப்பெண் வைத்திருக்கும் பாடங்களில் இது நேராகக் கிரேடில் அடிக்கிறது.

இதனால் கேஸ் வகுப்பை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். இந்தத் தயக்கம் உடைய அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது என்றே சொல்வேன். கம்பெனி கூட்டத்தில் உளறினால் பதவி உயர்வு போகும், வகுப்பில் உளறினால் ஒன்றும் போகாது. தயங்குகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது: பேச்சு சூடு பிடிப்பதற்கு முன்பே, முதல் பத்து நிமிஷத்துக்குள், கேஸின் அட்டவணையிலிருந்து ஓர் எண்ணை எடுத்துச் சொல்லுங்கள். "மூன்றாவது அட்டவணைப்படி சரக்கு இருப்பு இரண்டு வருஷத்தில் இரட்டிப்பாகியிருக்கிறது, விற்பனை அப்படி ஏறவில்லை." இவ்வளவு போதும். இலக்கணம் தவறினாலும் எண் நிற்கும். மற்றவர்கள் அதைச் சுற்றித்தான் பேச வேண்டியிருக்கும். இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தவர்கள் பிறகு தானாகவே கையைத் தூக்குகிறார்கள்.

நான்காவதாக ஒரு போலியையும் சொல்ல வேண்டும். கேஸ் முறை என்று விளம்பரம் செய்துவிட்டு, ஐந்து பேர் குழுவாக ஸ்லைடு காட்ட மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வகுப்புகள் நிறைய நடக்கின்றன. அது கேஸ் வகுப்பே அல்ல. கேஸைப் படித்தவர்கள் அந்த ஐந்து பேர் மட்டும், அதிலும் உண்மையில் படித்தவர் ஒருவராக இருக்கலாம்.

விரிவுரை எங்கே தேவை

விரிவுரையை மட்டமாகப் பேசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐந்து வருஷம் கழித்து வரப்போகும் ஒரு லட்சம் வெள்ளிக்கு இன்றைய மதிப்பு என்ன என்பதை யாரும் வாதாடிக் கண்டுபிடிக்க முடியாது. அதை ஒருவர் பலகையில் போட்டுக் காட்ட வேண்டும், நாம் நாலு கணக்குப் போட்டுப் பழக வேண்டும். கணக்கியலும் புள்ளியியலும் அப்படித்தான். அடித்தளம் இல்லாமல் கேஸ் வகுப்புக்குப் போனால் அபிப்பிராயம் சொல்லலாம், ஆய்வு செய்ய முடியாது. யுனிவர்சிட்டி மலாயா, பினாங்கில் யுஎஸ்எம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் எம்பிஏ சேர நினைப்பவர்கள் எந்தப் பாடம் விரிவுரை, எந்தப் பாடம் கேஸ் என்று பாடவாரியாக விசாரியுங்கள். ஒரே பட்டத்துக்குள்ளேயே ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும்.

ஆனால் முழுக்க விரிவுரையாக நடக்கும் எம்பிஏவுக்குப் பெருந்தொகை கொடுப்பதில் இன்று அர்த்தம் குறைந்துவிட்டது. அதே பாடங்கள் நல்ல ஆசிரியர்களின் காணொளிகளாக இலவசமாகவே கிடைக்கின்றன. அடித்தளம் இல்லாதவர்கள் ஒரு குறுகிய கணக்கியல் வகுப்பை முடித்துவிட்டு வேறு முறை எம்பிஏவுக்குப் போவது மலிவான வழி.

களத்தில் கற்பது

மூன்றாவது வழி, மாணவர்களைக் குழுவாக ஒரு நிறுவனத்துக்குள் அனுப்பி நிஜப் பிரச்சினையைக் கொடுப்பது. ஆசியா ஸ்கூல் ஆஃப் பிசினஸின் எம்பிஏ இதை நடுவில் வைத்தே அமைக்கப்பட்டது. இந்த வட்டாரத்து நிறுவனங்களுக்கு மாணவர் குழுக்கள் நேரில் போய் வேலை செய்கின்றன. ஹார்வர்டே 2011 இல் கேஸுக்குத் துணையாகக் களப்பணிப் பாடம் ஒன்றைச் சேர்த்தது. கேஸ் முறையைக் கடுமையாக விமர்சித்தவர்களில் ஒருவரான கனடாவின் ஹென்றி மின்ட்ஸ்பெர்க், அடுத்தவர் அனுபவத்தைக் காகிதத்தில் படித்து நிர்வாகி ஆக முடியாது என்ற நிலையில் நின்று, 1996 இல் வேலையில் இருக்கும் நிர்வாகிகள் தங்கள் சொந்த அனுபவத்தை வைத்தே கற்கும் படிப்பைத் தொடங்கினார்.

சொந்தத் தொழில் உள்ளவர்களுக்கு நான் இதைச் சொல்லக் காரணம், அவர்களுக்குக் களம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் ஒருவர் படிக்க வருகிறார் என்று வையுங்கள். தீபாவளி முடிந்த மறுவாரம் கடையில் விற்காமல் கிடக்கும் சேலைகளை எண்ணி, எது இந்த வருஷத்துச் சரக்கு, எது போன வருஷத்தது, எது அதற்கும் முன்னாலது என்று பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலும் எவ்வளவு பணம் முடங்கிக் கிடக்கிறது என்று பார்த்தாலே அது ஒரு செமஸ்டருக்கான பாடம். அடுத்த கொள்முதலில் எதைக் குறைப்பது என்று அப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். முப்பது வருஷமாக வாங்கிப் பழகிய அப்பா அதை ஏற்றுக்கொள்ள வைப்பது எந்தக் கேஸிலும் கிடைக்காத பயிற்சி.

இதன் பலவீனம் குறுகலான பார்வை. ஒரு வருஷத்தில் இரண்டு மூன்று நிறுவனத்தைத்தான் பார்க்க முடியும். கேஸ் வகுப்பில் அதே காலத்தில் பல தொழில், பல நாடு கண்ணில் பட்டுவிடும். அப்புறம், சில நிறுவனங்கள் மாணவர்களுக்கு நிஜச் சிக்கலைக் காட்டுவதே இல்லை. யாருக்கும் வேண்டாத ஒரு சர்வேயைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும். உங்கள் சீனியர்கள் கொடுத்த அறிக்கையை வைத்து எந்த நிறுவனமாவது எதையாவது மாற்றியிருக்கிறதா என்று விசாரித்துவிட்டே சேருங்கள்.

பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், கோலாலம்பூர் பக்கம் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை தொலைநிலைக் கல்வி தரும் தனி வகை. ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்கிறவர்களுக்கும் குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கும் பல சமயம் அதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி. முதல் பட்டம் இல்லாமல் அனுபவத்தை வைத்துச் சேர ஏபெல் என்ற வழியும் உண்டு. ஆனால் மாதத்துக்குச் சில மணி நேரம் கூடும் டியூட்டோரியலில் கேஸ் விவாதம் ஊன்றி நடக்காது. படித்து எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது சரி.

இனி என்ன ஆகும்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து கேஸ் வகுப்பின் ஒரு பாதி கிட்டத்தட்டச் செத்துவிட்டது. கேஸைப் படித்து வீட்டில் எழுதிக் கொண்டுவரும் அறிக்கை இப்போது எதையும் நிரூபிப்பதில்லை. இருபது பக்கக் கேஸைச் சுருக்கி, வலிமை பலவீனம் பட்டியல் போட்டு, மூன்று பரிந்துரையும் சேர்த்து ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிடுகிறது. எல்லாருடைய அறிக்கையும் ஒரே மாதிரி அழகாக இருக்கும்.

மற்றப் பாதி, அதாவது நேருக்கு நேர் நடக்கும் விவாதம், முன்னைவிட மதிப்பு கூடியிருக்கிறது என்பது என் கணிப்பு. சுருக்கத்தை மட்டும் படித்து வந்தவர் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்வார். ஏன் அந்த விலை, ஏன் இந்த வருஷம், நீங்கள் சொன்னபடி செய்தால் யார் வேலை போகும், அவரிடம் நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? இதற்கெல்லாம் திரையைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. ஆகவே வருங்காலக் கேஸ் வகுப்பு எழுத்திலிருந்து பேச்சுக்கு நகரும். வாய்மொழித் தேர்வு கூடும். நிறுவனத்திலிருந்தே ஒருவர் வந்து இன்னும் முடிவெடுக்காத சிக்கலை முன்வைக்கும் வகுப்புகள் கூடும். முடிவு இணையத்தில் கிடைக்காது என்பதே அவற்றின் பலம்.

இன்னொன்றும் நடக்க வேண்டும். நம் ஊர்க் கேஸ்கள் எழுதப்பட வேண்டும். ஆந்தனி டானும் டான் ஹூய் லிங்கும் ஹார்வர்டில் படித்தபோது 2011 இல் அங்கே நடந்த தொழில் திட்டப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற யோசனைதான், 2012 இல் கோலாலம்பூரில் மைடெக்சியாகத் தொடங்கிப் பிறகு கிராப் ஆனது. நம் தெருவில் ஓடும் டாக்சியைப் பற்றிய சிந்தனை அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வந்திருக்கிறது. 1972 இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப மண்டலத்துக்கு இன்டெல் வந்ததிலிருந்து இன்று வரை, அந்தத் தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுத்து வளர்ந்த சிறு நிறுவனங்கள் எத்தனையோ. அவற்றை நடத்துகிறவர்கள் தினமும் எடுக்கும் முடிவுகள் எழுதப்படாமல் கிடக்கின்றன. ஒரு பள்ளி தன் ஆசிரியர்களைக் கொண்டு உள்ளூர்க் கேஸ் எழுத வைக்கிறது என்றால், என் பார்வையில் அதற்கு இரண்டு மடங்கு மதிப்பெண்.

சேரும் முன்

பட்டியலில் இரண்டு மூன்று பள்ளிகள் மிஞ்சியதும், பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கேட்டால் விடும் இடங்கள் உண்டு. மறுத்தால் இப்போது படிக்கிறவர்கள் இருவரிடமாவது பேசுங்கள். வகுப்பில் எத்தனை பேர்? அறுபதுக்கு மேல் என்றால் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாமல் விவாதம் நடக்காது. பத்துப் பேர்தான் என்றால் கருத்து மோதலுக்கு ஆள் போதாது. கேஸை எல்லாரும் படித்து வந்திருக்கிறார்களா? ஆசிரியர் தான் கேட்ட கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிடுகிறாரா? யாராவது "நான் முதலில் சொன்னது தவறு, மாற்றிக்கொள்கிறேன்" என்று சொன்னார்களா? இந்தக் கடைசி ஒன்று நடக்கும் வகுப்பைக் கண்டால் கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நான் அங்கேதான் போவேன்.

பங்கேற்புக்கு எத்தனை சதவீதம், எழுத்து அறிக்கைக்கு எத்தனை சதவீதம் என்பதையும் பாடவிவரத் தாளில் பாருங்கள். வீட்டில் எழுதும் அறிக்கைக்கே பெரும்பங்கு என்றால் அந்தப் பள்ளி இன்னும் 2022 க்கு முன்னால் இருக்கிறது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கீகாரம் பெற்ற உள்நாட்டு நிறுவனத்தில் முதுகலைக்குக் கட்டும் கட்டணத்துக்கு வருமான வரியில் வருஷம் 7,000 ரிங்கிட் வரை கழிவு கிடைக்கும். உங்கள் வரிப்படி 11 சதவீதம் என்றால் 770 ரிங்கிட், 19 சதவீதம் என்றால் 1,330 ரிங்கிட் மிச்சம். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) செஜாஹ்தெரா கணக்கிலிருந்தும் கல்விக்கு எடுக்கலாம், ஆனால் வீட்டுக் கடனும் பிள்ளை படிப்பும் அதே கணக்கை நம்பியிருந்தால் தொடாதீர்கள். கம்பெனி எச்ஆர்டி கோர்ப்புக்கு (மனிதவள மேம்பாட்டுக் கழகம்) லெவி கட்டுகிறதா, உங்கள் படிப்புக்கு அதில் ஏதாவது வழி உண்டா என்று மனிதவளப் பிரிவில் கேட்டு வையுங்கள். மொத்தக் கட்டணத்தையும் ஒரேயடியாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் செமஸ்டருக்கு மட்டும் கட்டுங்கள். ஒரு பாடம் முழுதாக முடிந்து, அந்த வகுப்பு உங்களைப் பேச வைத்ததா என்று தெரிந்த பிறகு மிச்சத்தைக் கட்டலாம்.